உள்ளே ஆள் இருக்கலாம்

ஆளில்லாத அறையின் கதவைத் தட்டிவிட்டு, பதில் வருகிறதா என்று காது கொடுத்து நிற்கிற ஒருவரோடு மூன்று வருடம் வேலை பார்த்திருக்கிறேன். பீளமேட்டில் இரண்டாவது மாடியில் எங்கள் ஆபீஸ். மொத்தமே பதினோரு பேர். மாலையில் கடைசியாகக் கிளம்புவது பெரும்பாலும் அவர்தான். மீட்டிங் ரூம், டெஸ்டிங் ரூம், பாத்ரூம் என்று ஒவ்வொரு கதவாகப் போய் இரண்டு தட்டு தட்டுவார். "ஏனுங்க, உள்ள ஆளிருக்காங்களா?" என்று கேட்பார். அதற்குப் பிறகுதான் விளக்கை அணைப்பார். மீட்டிங் ரூமுக்குக் கண்ணாடிக் கதவு. உள்ளே நாற்காலியைத் தவிர ஒன்றுமில்லை என்று வாசலிலிருந்து பார்த்தால்கூடத் தெரியும். அதையும் தட்டாமல் விட்டதில்லை.

"ஏன் அம்மணி, கண்ணாடி வழியாப் பார்த்தாலே தெரியுதே?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"மேசைக்கு அடியில எதையாச்சும் குனிஞ்சு எடுத்துட்டிருந்தாங்கன்னா என்னங்ணா பண்றது?" என்றார்.

அம்மணி என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிட்டோம். எங்கள் பக்கத்தில் பெற்ற மகளும் அம்மணிதான், கூட வேலை பார்க்கிற பெண்ணும் அம்மணிதான். என்னைவிட ஆறேழு வயது சின்னவர். போத்தனூரிலிருந்து ஸ்கூட்டரில் வருவார். சாயந்திரம் ஸ்கூட்டரை எடுப்பதற்கு முன்னால், பக்கத்தில் நிற்கிற என் காரின் பானெட்டில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போவார். இன்ஜினுக்குள் பூனை படுத்திருக்குமாம். கார் என்னுடையது, கவலை அவருடையது. லிஃப்டில் ஏறினால் கதவு மூடும்வரை பட்டனில் விரல் வைத்து எட்டிப் பார்ப்பார், யாராவது ஓடி வருகிறார்களா என்று. பயந்தாங்கொள்ளி என்று ஆபீஸில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. வைத்தவன் நான்.

எங்கள் தொழிலைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். கொங்கு நாட்டில் தோப்பு ஓரிடத்தில் இருக்கும், தோப்புக்காரர் ஓரிடத்தில் இருப்பார். பொள்ளாச்சிப் பக்கத்துக் கிணற்று மோட்டாரைக் கோயமுத்தூரில் உட்கார்ந்தபடி ஃபோனில் ஓட்ட வேண்டும். அதற்கு ஒரு பெட்டி. மோட்டார் ரூமில் ஸ்டார்ட்டருக்குப் பக்கத்தில் மாட்டிவிடுவார்கள். அந்தப் பெட்டிக்குள் ஓடுகிற மென்பொருளும், தோப்புக்காரர் ஃபோனில் அமுக்குகிற மென்பொருளும் நாங்கள் எழுதுவது. நான் அந்தக் குழுவுக்குத் தலைமை.

இப்போதெல்லாம் கோட் எழுதுவதில் பாதிக்கு மேல் ஏஐ அசிஸ்டென்ட் பார்த்துக்கொள்கிறது. என்ன வேண்டும் என்று சொன்னால் எழுதிக் கொடுக்கும், நாம் படித்துப் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். மகா கெட்டிக்காரத்தனம். ஒரே ஒரு குறை, நேற்று சொன்னது இன்று அதற்கு ஞாபகம் இருக்காது. தினமும் காலையில் அன்றுதான் வேலைக்குச் சேர்ந்த ஆள் மாதிரி வந்து உட்காரும். அதனால் அதற்கென்று ஒரு ஃபைல் எழுதி வைத்திருப்போம். எங்கள் வழக்கம் இது, இதைச் செய், இதைத் தொடாதே என்று. வேலை தொடங்கும் முன் அதைப் படித்துவிட்டுத்தான் தொடங்கும். ரூல்ஸ் ஃபைல் என்போம். அதை யாரும் அம்மணியிடம் ஒப்படைக்கவில்லை. அவராகவே எடுத்துக்கொண்டார்.

அந்த ஃபைலில் அம்மணி வேறு ஆள். வாட்ச்மேனிடம், டீக்காரரிடம், வாசலில் படுத்திருக்கிற நாயிடம்கூட "சித்த அக்கட்டால போங்களேன்" என்று பணிவாகத் தள்ளிப்போகச் சொல்கிறவர், ஃபைலில் மரியாதையைத் துடைத்து எறிந்திருப்பார். விதியை ஆங்கிலத்தில் எழுதி, அதன் கீழே காரணத்தைத் தமிழில் எழுதுவார். எந்த மொழியில் எழுதினாலும் அதற்குப் புரிந்தது. 'கரண்ட் போய் வந்தால் உடனே ஓட்டாதே. காத்திரு. காரணம்: உள்ளே ஆள் இருக்கலாம்.' 'ஒருவர் தன் கையால் நிறுத்திய மோட்டாரை, அங்கே நிற்கிற ஒருவர் கையாலன்றி ஓட்டாதே. காரணம்: உள்ளே ஆள் இருக்கலாம்.' இப்படி ஒரு முப்பது நாற்பது இடத்தில் அந்த ஒரே காரணம். சர்வரை அணைப்பதற்கான விதியில்கூட அதையே எழுதியிருந்தார். சர்வருக்குள் எந்த ஆள் இருப்பான் என்று ஒரு வாரம் சிரித்தோம்.

"எங்ககிட்டயெல்லாம் ங்க போட்டுப் பேசறீங்க, அதுகிட்ட மட்டும் இப்படி அதட்டறீங்களே அம்மணி?"

"மனுசங்ககிட்ட மெதுவாச் சொன்னாலும் புரிஞ்சுக்குவாங்கண்ணா. இது கிணத்தைப் பார்த்ததே இல்லைங்களே, பாவம். நாம சொன்னாத்தானே அதுக்குத் தெரியும்."

அவருடைய பயத்துக்கு ஒரு கதை இருக்கும் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். வீட்டில் யாரோ கிணற்றில் விழுந்து இறந்திருப்பார்கள், யாருக்கோ ஷாக் அடித்திருக்கும், அந்த மாதிரி. ஒரு நாள் கேண்டீனில் கேட்டேவிட்டேன்.

"ஒண்ணும் ஆகலைங்ணா, எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க" என்றார். தோசையைப் பிய்த்துக்கொண்டே, "ஆனாத்தான் பயப்படோணுமுங்களா?" என்று கேட்டார். அந்தக் கேள்வியை அப்போது நான் சட்டையே செய்யவில்லை என்பதுதான் உண்மை.

ஃபைல் வளர்ந்துகொண்டே போனது. அறுநூறு வரியைத் தாண்டியதும் அசிஸ்டென்ட் தடுமாறத் தொடங்கியது. நடுவில் இருக்கிற விதிகளைக் கோட்டை விட்டது. தேதியை எப்படி எழுத வேண்டும் என்பதைக்கூட மறந்துபோனது. முதலாளி என்னைக் கூப்பிட்டு, "தம்பி, அந்த ஃபைலைச் சித்தெ ஒழுங்கு பண்ணிப்போடுங்க. அம்மணி எழுதுனது ராமாயணமாட்டப் போயிட்டே இருக்குது" என்றார். எனக்கு இந்த மாதிரி வேலை அல்வா சாப்பிடுகிற மாதிரி. பீரோவை அடுக்குவதிலும் மசாலா டப்பாவுக்குப் பெயர் ஒட்டுவதிலும் வீட்டில் என்னை மிஞ்ச ஆளில்லை.

இரண்டு நாள் உட்கார்ந்து பிரித்தேன். முதல் ஃபைல் ஒரே பக்கம். எந்த வேலை என்றாலும் அசிஸ்டென்ட் அதைப் படிக்கும். மற்ற விதிகளை அந்தந்த ஃபோல்டருக்குள் தனித்தனி ஃபைலாக வைத்தேன். பெட்டியின் கோட் இருக்கிற ஃபோல்டரில் பெட்டியின் விதிகள். ஃபோன் கோட் இருக்கிற ஃபோல்டரில் ஃபோன் விதிகள். எந்த ஃபோல்டரில் வேலையோ அந்த ஃபைலை மட்டும்தான் அது திறந்து பார்க்கும். காரணம் என்று அம்மணி எழுதிய வரிகளை மொத்தமாக எடுத்துவிட்டேன். ஒரே வாக்கியத்தை நாற்பது தடவை யார் படிப்பது? அசிஸ்டென்ட் மறுபடி பிசகில்லாமல் வேலை செய்தது. முதலாளி தோளில் தட்டினார்.

அன்று மாலை அம்மணி இரண்டு தாளைக் கையில் வைத்துக்கொண்டு என் மேசைக்கு வந்தார். பழைய ஃபைலையும் புதிய ஃபைலையும் பிரிண்ட் எடுத்திருந்தார்.

"ஏனுங்ணா, கையில நிறுத்துனத ஓட்டாதேங்கறது எப்பவும் படிக்கற மாதிரி வாசல்ல இருந்துச்சுங்களே. அதைக் கொண்டுபோய் அறைக்குள்ள வெச்சுப்போட்டீங்களே?"

"அது பெட்டிய பத்தின விதி அம்மணி. பெட்டி ஃபோல்டர்லதான இருக்குது?"

"ஃபோன் பக்கம் வேலை பண்றப்ப அது அந்த அறைக்கே போகாதுங்களே. அதுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாட்டிப் போகுது. பெட்டியே ஓட்ட மாட்டேன்னு சொல்லிப்போடும்."

அம்மணி தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வாதாடுகிற பழக்கம் அவருக்கு இல்லை. "எனக்கு என்னமோ பயமா இருக்குதுங்ணா" என்றார்.

"உங்களுக்கு எதுக்குத்தான் பயமில்லை?" என்று கேட்டேன். சுற்றி இருந்த நாலைந்து பேர் சிரித்தார்கள். அம்மணியும் சிரித்தார். தாளை நாலாக மடித்துக்கொண்டு போய்விட்டார். அந்தச் சிரிப்புச் சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது.

அடுத்த மாதம் தோப்புக்காரர்களிடமிருந்து ஒரு கோரிக்கை வந்தது. தோட்டத்தில் இருக்கிற ஆள் ஏதோ வேலையாக ஸ்விட்சை நிறுத்திவிடுகிறார். திரும்பப் போட மறந்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார். ஃபோனில் அமுக்கினால் பெட்டி மறுக்கிறது. ஒரு ஸ்விட்சைப் போடுவதற்காகக் காரை எடுத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கிறது. ஃபோனிலேயே அதைச் சரிசெய்ய ஒரு பட்டன் வேண்டும் என்றார்கள். நியாயமாகத்தான் பட்டது. ஃபோன் ஃபோல்டரைத் திறந்து அசிஸ்டென்டிடம் சொன்னேன். எங்கள் மெக்கானிக் பெட்டிக்கு எதிரே நின்றுகொண்டு கையால் நிறுத்தினால் விழுகிற பூட்டு உட்பட எல்லாப் பூட்டையும் நீக்குவதற்கு ஒரு ரீசெட் உத்தரவு ஏற்கெனவே இருந்தது. அசிஸ்டென்ட் அதைக் கண்டுபிடித்து, அந்தப் பட்டனோடு இணைத்துவிட்டது. அழகான வேலை. எல்லாச் சோதனையும் பச்சை, அதாவது தேர்ச்சி. படித்துப் பார்த்துச் சரி சொன்னது நான். அந்த வேலை நடந்த இரண்டு நாளும் அம்மணி குழந்தைக்குக் காய்ச்சல் என்று லீவில் இருந்தார். பத்துத் தோட்டங்களுக்கு மட்டும் முன்னோட்டமாக அனுப்பினோம். அதில் ஒன்று என் மனைவியின் அண்ணனுடைய தோப்பு, ஆனைமலைக்குப் பக்கத்தில்.

மச்சானுக்குக் காந்திபுரத்தில் துணிக்கடை. தோப்பை ஆறுமுகம் என்பவர் பார்த்துக்கொள்கிறார். ஒரு வியாழக்கிழமை மதியம் மூன்று மணி இருக்கும், மச்சான் கூப்பிட்டார். குரலில் அப்படி ஒரு உற்சாகம்.

"மாப்ள, உங்க புதுப் பட்டன் பிரமாதமுங்க! ஒரு மணி நேரமா நின்னுட்டிருந்துச்சு. இங்க கடையில இருந்தே அமுக்குனேன் பாருங்க, ஓடுதுன்னு காட்டுது!"

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஃபோனைக் காதில் வைத்தபடியே ஆபீஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி, "கடையில இருந்தே ஓட்டிப்போட்டாராமா!" என்றேன். இரண்டு பேர் கைதட்டினார்கள்.

அம்மணி எழுந்து நின்றார்.

"ஏன் நின்னுட்டிருந்துச்சுங்ணா?" என்று கேட்டார். "யாரு நிறுத்துனாங்க?"

கைதட்டல் நின்றுவிட்டது.

"உள்ள ஆளிருந்தா?"

இரண்டு வருடமாகக் கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன வார்த்தை. அன்றுதான் அதற்குப் பொருள் இருப்பது எனக்குத் தெரிந்தது. அந்தக் கிணற்றை நான் பார்த்திருக்கிறேன். பாதி ஆழத்தில் ஒரு திட்டு, அதன்மேல் மோட்டார். ஏதாவது கோளாறு என்றால் ஸ்விட்சை நிறுத்திவிட்டு, படியில் இறங்கிப் போய், திட்டில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து ஒயரைக் கழற்றுவார்கள். இறங்குகிறேன் என்று ஆறுமுகம் ஓனரைக் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார். சாப்பாட்டு நேரத்தில், கடையில் கூட்டம் இருக்கும்போது, இதற்கெல்லாம் கூப்பிடுவது மரியாதை இல்லை என்பது அந்தப் பக்கத்து வழக்கம். பத்து வருடத்தில் ஒருமுறைகூடக் கூப்பிட்டதில்லை.

"மச்சான், அணைங்க! உடனே அணைங்க!" என்று கத்தினேன்.

"ஏனுங் மாப்ள? நல்லாத்தான ஓடுது…"

"அணைங்கன்னா அணைங்க!"

அணைத்துவிட்டார். ஆனால் பட்டனை அமுக்கி எவ்வளவு நேரம் ஆகிறது? கேட்டேன். அஞ்சு நிமிஷம் இருக்கும் என்றார். அப்போதுதான் அவருக்கும் உறைத்தது. "மாப்ள…" என்றவர் ஃபோனை வைத்துவிட்டார்.

ஆறுமுகத்துக்குப் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. மூன்றாவது தடவை வேறொரு எண்ணைப் போட்டுவிட்டேன். அம்மணி என் கையிலிருந்து ஃபோனை வாங்கி அவர் போடத் தொடங்கினார். மணி அடித்து ஓய்ந்ததும் மறுபடி அமுக்குவார். மச்சான் பக்கத்துத் தோட்டத்துக்காரரைக் கூப்பிட்டு ஓடச் சொல்லியிருந்தார். அவர் ஓடிக்கொண்டிருந்தார். முதலாளி தவிர நாங்கள் அத்தனை பேரும் ஒரு மேசையைச் சுற்றி நின்றுகொண்டு, எடுக்காத ஒரு ஃபோனின் மணியைக் கேட்டுக்கொண்டிருந்தோம். ஆறுமுகத்துக்கு இரண்டு பெண் குழந்தைகள். போன பொங்கலுக்கு மூத்தது எனக்குக் கரும்பு உடைத்துக் கொடுத்தது. அது ஞாபகம் வந்தது. கொன்றுவிட்டேன் என்றே நினைத்தேன். அப்படித்தான், அந்த வார்த்தையில்தான் நினைத்தேன்.

இருபது நிமிடம். பிறகு ஃபோன் எடுக்கப்பட்டது. அம்மணி ஸ்பீக்கரில் போட்டார்.

"மாப்பிள்ளைங்களா? சொல்லுங்க. ஃபோனை மேல ரூம்ல வெச்சுப்போட்டுக் கிணத்துக்குள்ள எறங்கிட்டேனுங்க. பக்கத்துத் தோட்டத்துக்காரரு வேற வந்து கத்தறாரு. யாருக்கு என்னங்க ஆச்சு?"

அம்மணிதான் கேட்டார். "ஏனுங்க, நீங்க நல்லா இருக்கீங்களா?"

"எனக்கென்னங்க? ஒயரு கருகிப்போயிருந்துச்சு. ரெண்டு கையிலயும் பிடிச்சு முறுக்கிட்டிருந்தேன்."

"மோட்டாருக்குக் கரண்ட் வரலீங்களா?"

"எங்கீங்க வரும்? பீஸ் கட்டையப் புடுங்கி ஜோப்புல போட்டுட்டுத்தான எறங்குனேன்."

நான் ஃபோனுக்கு அருகில் போய், "ஸ்விட்சத்தான் நிறுத்தியிருந்தீங்களே ஆறுமுகம், அப்புறம் கட்டைய எதுக்குப் புடுங்குனீங்க?" என்று கேட்டேன்.

"அதுல உங்க பொட்டி இருக்குதுங்களே. அது யாரு பேச்சக் கேக்கும்னு எனக்குத் தெரியுங்களா?" என்று சிரித்தார்.

ஓட்டச் சொல்லி உத்தரவு கொடுத்ததுமே எங்கள் பெட்டி 'ஓடுகிறது' என்று ஃபோனுக்குச் சொல்லிவிடும். உண்மையில் ஓடுகிறதா என்று அதற்குத் தெரியாது. ஒரு மனிதரின் சட்டைப் பையில் இருந்த பீங்கான் ஃபியூஸ் கட்டை ஒன்றுதான் நடுவில் இருந்தது.

உடனே பழைய மென்பொருளைப் பத்துப் பேருடைய ஃபோனுக்கும் திருப்பி அனுப்பினோம். மற்ற ஒன்பது தோட்டங்களுக்கும் ஃபோன் செய்தோம். நான் மூன்று, அம்மணி ஆறு. அவர் ஒவ்வொருவரிடமும் முதலில் கேட்டது ஒன்றுதான். "ஏனுங்க, உள்ள ஆளிருக்காங்களா?" ஆபீஸில் யாரும் சிரிக்கவில்லை. 'நான் சொன்னேனே' என்று அம்மணி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லியிருப்பேன். முதலாளி உள்ளேயிருந்து வந்து என்ன விஷயம் என்று கேட்டபோது, "சின்னப் பிழைங்க, சரி பண்ணியாச்சு" என்றேன். அம்மணி என்னைப் பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார்.

கையால் நிறுத்தியதை ஓட்டாதே என்ற விதியை முதல் ஃபைலில் முதல் வரியாக, காரணத்தோடு, மறுபடி எழுதி வைத்தேன். எந்த வரியை யார் எழுதியது என்று எங்கள் கம்ப்யூட்டர் பெயர் போட்டுக் காட்டும். நான் அழித்து நானே திரும்ப எழுதியதால் இப்போது அந்த வரிக்கு எதிரே என் பெயர் இருக்கிறது. அம்மணி மறுவருடம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். அதற்குப் பிறகு சேர்ந்தவர்களுக்கு அவரைத் தெரியாது. 'உள்ளே ஆள் இருக்கலாம்' என்பதைப் பார்த்துவிட்டு, அண்ணன் சரியான பயந்தாங்கொள்ளி என்று என் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொள்கிறார்கள். எழுதியது நானில்லை என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிப் பார்த்தேன். தன்னடக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அந்த வியாழக்கிழமை மாலை எல்லோரும் கிளம்பிய பிறகு நான் மீட்டிங் ரூமுக்குள் போய், விளக்கைப் போடாமல் உட்கார்ந்திருந்தேன். முதலாளி கேட்டால் அசிஸ்டென்ட் எழுதியது என்று சொல்லிவிடலாம் என்று ஒரு யோசனை வந்தது. மெக்கானிக் உத்தரவை அப்படி வைத்தவர்கள் தப்பு என்று இன்னொன்று வந்தது. வரிசையாக நல்ல நல்ல யோசனையாக வந்துகொண்டிருந்தது. ஆறு மணிக்கு வழக்கம்போல டெஸ்டிங் ரூம் கதவு தட்டப்படுவது கேட்டது. பிறகு பாத்ரூம் கதவு. பிறகு என் கதவு. இரண்டு தட்டு.

"ஏனுங்க, உள்ள ஆளிருக்காங்களா?"

பதில் சொல்லாமல் உட்கார்ந்திருந்தேன். மற்ற நாட்களில் கொஞ்சம் காது கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அன்று போகவில்லை. மறுபடி தட்டினார். அதே கேள்வியை, அதே குரலில், முதல்முறை கேட்பது போலவே கேட்டார்.

"இருக்கேன் அம்மணி" என்றேன். "அந்த விதிய நாந்தான் எடுத்து மாத்தி வெச்சேன். காலையில முதலாளிகிட்ட சொல்லிப்போடறேன்."

"சரிங்ணா" என்றார். கதவைக் கொஞ்சமாகத் திறந்து கையை மட்டும் உள்ளே நீட்டி, சுவரில் ஸ்விட்சைத் தடவிப் பார்த்து, விளக்கைப் போட்டுவிட்டுப் போனார்.